அனுபவத்துக்கு யார் கூலி கொடுத்தார்கள்?

கனரக வாகன உரிமம் எடுத்தும் வேலை கிடைக்காத இளைஞர்களும், ஓட்ட ஆள் இல்லாமல் வண்டியை ஷெட்டில் நிறுத்தி வைத்திருக்கும் லாரி உரிமையாளர்களும் தமிழ்நாட்டில் ஒரே ஊரில்தான் வசிக்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை. அரசின் ஆவணங்களிலேயே இந்த முரண் பதிவாகியிருக்கிறது. சரக்கு வாகனமோ பயணிகள் வாகனமோ ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை 2019இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கைவிட்டபோது, நாட்டில் ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர்களுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது என்று காரணம் சொன்னது. 2025இல் தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநருடன் கூடிய நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டபோது, கனரக உரிமத்தோடு 18 மாதம் கனரக வாகனம் ஓட்டிய அனுபவமும் வேண்டும் என்றன. ஒரு கை கதவை அகலத் திறந்தது. இன்னொரு கை உள்வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டது. அந்த 18 மாதத்தை ஒருவன் எங்கே போய்ச் சம்பாதிப்பான் என்ற கேள்விக்கு இரண்டு ஆவணங்களிலும் பதில் இல்லை. இந்தத் தொழிலின் நூறாண்டு வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், உரிமம் தன்னளவில் யாருக்கும் வேலை வாங்கித் தந்ததாகத் தெரியவில்லை. வேலையைத் தந்தது முதல் ஓரிரு ஆண்டு அனுபவம். அதற்கு ஒரு விலை உண்டு: தேயும் கிளட்ச், வீணாகும் டீசல், உடையும் சரக்கு, சில வேளை உயிர். அந்த விலையை ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் கொடுத்து வந்தார். இன்று அதைக் கொடுப்பவர் எவரும் இல்லை என்பதே தட்டுப்பாட்டின் வேர் என்று நினைக்கிறேன்.

தொடக்க காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912 வாக்கில் பேருந்து சேவையைத் தொடங்கியபோது, மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் வழியில் நின்றுபோன எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். கோவைப் பக்கம் ஜி.டி. நாயுடு 1920இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கொடுத்த கடனைக்கொண்டு ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ். பேருந்து நிறுவனம். உரிமையாளர், ஓட்டுநர், மெக்கானிக் மூவரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது. ஓட்டப் பழகுவதால் வரும் சேதம் அவருடைய பையிலிருந்தே போனது. வண்டிகள் பெருகி, உரிமையாளர் கல்லாவுக்கு நகர்ந்து, ஓட்டுவதற்குக் கூலிக்கு ஆள் வைத்தபோதுதான் ‘இவனை நம்பி வண்டியைக் கொடுக்கலாமா’ என்ற கேள்வி பிறந்தது. அதற்குத் தொழில் கண்டுபிடித்த விடையே கிளீனர்.

சட்டம் இந்தக் கேள்வியை அரைகுறையாகத்தான் எதிர்கொண்டது. 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமத்தைக் கொண்டுவந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே போய், சம்பளத்துக்கு ஓட்டுவதற்கு உரிமத்தில் தனியே அனுமதி வேண்டும் என்றது. சரக்கு, பயணிகள் வாகனங்களை ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும் என்றது. இன்று நடைமுறையில் இருக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் அந்த 20 வயதை அப்படியே வைத்துக்கொண்டு, இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆனவர்தான் வணிக வாகனத்துக்குப் பழகுநர் உரிமமே கேட்கலாம் என்ற நிபந்தனையைச் சேர்த்தது. இவையெல்லாம் ஒருவரைத் தகுதியற்றவர் என்று விலக்கும் விதிகள். ஒருவர் தகுதி பெறுவது எப்படி என்பதைப் பற்றி மூன்று சட்டங்களும் அதிகம் கவலைப்படவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்து மைதானத்தில் காலி வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுகிறவருக்கு உரிமம் கிடைத்தது. பத்து டன் பருத்தியோடு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளை இறங்குவதற்கான பாடம் அந்த மைதானத்தில் இல்லை. இருக்கவும் முடியாது. அதைக் கற்பிக்கும் பொறுப்பைச் சட்டம் எதுவும் சொல்லாமலேயே தொழிலின் தலையில் விட்டது. தொழில் அதை ஒரு பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனின் தலையில் ஏற்றியது.

கிளீனர் வேலை என்பது பெயருக்குத்தான் வண்டி கழுவும் வேலை. விடியும் முன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதும், பழைய வண்டிகளில் முன்பக்கம் நின்று ஹேண்டில் சுற்றி எஞ்சினைக் கிளப்புவதும், ஒவ்வொரு டயரையும் கம்பியால் தட்டி ஓசையிலேயே காற்றின் அளவை அறிவதும் அவன் பாடங்கள். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின, சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனமே அதற்கான கலனைத் தயாரித்தது. புறப்படுவதற்கு முன் அந்தக் கரி அடுப்பை மூட்டிக் கனலச் செய்யும் வேலையும் வண்டியோடு இருந்த பையனிடம் வந்தது. லாரியில் தார்ப்பாய் விரித்துக் கயிறு முடிச்சுப் போடக் கற்றான். மேட்டில் வண்டி பின்வாங்கினால் இறங்கி ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவான். நம் ஊரில் டிரைவர் அமர்வது வலப்பக்கம் என்பதால், இடப்பக்கக் கண் முழுவதும் கிளீனருடையது. குறுகிய பாலத்தில் எத்தனை அங்குலம் இடைவெளி இருக்கிறது, பின்னால் வரும் பேருந்து முந்தப்போகிறதா, ரிவர்ஸ் எடுக்கும்போது சுவர் எவ்வளவு தூரம் என்பதைக் கத்திச் சொல்லியே வண்டியின் நீள அகலத்தைத் தன் உடம்பின் அளவுபோல மனத்தில் ஏற்றிக்கொண்டான்.

ஓட்டக் கற்றதும் அந்த வரிசையில்தான். முதலில் ஷெட்டுக்குள் வண்டியை இரண்டு அடி நகர்த்தி நிறுத்துவான். பிறகு பெட்ரோல் பங்க்கில் வரிசை நகரும்போது ஸ்டியரிங் அவன் கைக்கு வரும். பல மாதம் கழித்து, அதிகாலையில், காலி வண்டியோடு, நேரான சாலையில் டிரைவரண்ணன் இடம் மாறி உட்காருவார். அந்தக் கால கியர் பெட்டிகளில் பற்கள் தாமாக வேகம் ஒத்துப் பொருந்தாது. கிளட்சை இரண்டு முறை மிதித்து, எஞ்சின் ஓசையைக் காதால் அளந்துதான் கியர் மாற்ற வேண்டும். தவறினால் பற்கள் கரகரக்கும், சில நேரம் உடையும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அவர்கள் வாய்வழி விதி. தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கிப் பிரேக் சூடேறிக் கட்டுப்பாடு இழந்த வண்டிகள் இன்றுவரை பல உயிர்களை வாங்கியிருக்கின்றன. அந்த விதி தெரியாமல் போவதன் விலை என்ன என்பதற்கு அந்தச் சாலையே சாட்சி. இப்படி ஐந்தாறு ஆண்டு உடனிருந்து பார்த்த பிறகு, ‘பையன் ஓட்டுவான்’ என்று டிரைவர் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைதான் இந்தத் தொழிலின் நியமன ஆணை. உரிமம் பல நேரம் அதற்குப் பிறகுதான் எடுக்கப்பட்டது.

1950களில் இந்த ஏற்பாடு பேருருக் கொண்டது. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. எண்ணூரில் 1948இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. மழையை நம்பிய மேட்டுநிலங்கள் நிறைந்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் நிலத்தை விற்றும் உறவினர்கள் கூட்டாகப் பணம் போட்டும் லாரி வாங்கினார்கள். வண்டியோடு பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் பெருகின. 1975இல் தேசிய பெர்மிட் வந்த பிறகு, மாநில எல்லைக்கு எல்லை தனி அனுமதி தேடி அலையாமல் நாமக்கல் வண்டி வடக்கே நெடுந்தூரம் ஓடியது. வாரக்கணக்கில் வீடு திரும்பாத அந்த ஓட்டத்தில் கிளீனர் சமையல்காரன், காவல்காரன், பேச்சுத்துணை, நள்ளிரவில் உரிமம் இல்லாத மாற்று டிரைவர் எல்லாமாக இருந்தான். அவனுக்குக் கிடைத்தது சாப்பாடும் சிறு பேட்டாவும். பல வண்டிகளில் சம்பளம் என்று தனியே ஒன்று இருக்கவில்லை.

ஆகவே விலையைக் கொடுத்தவன் யார் என்பதில் ஐயமில்லை. தன் பள்ளிப் பருவத்தைக் கொடுத்து அந்தப் பையனே தன் அனுபவத்தை வாங்கினான். சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கிளீனரையும் தொழிலாளி என்று பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றது. குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆனால் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒரு லாரிக்கு ஒரு டிரைவர், ஒரு கிளீனர் என்றால் இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் நான்கு பேர். ஓரிரு லாரிகளின் உரிமையாளர்களே பெரும்பான்மையாக இருந்த ஒரு தொழிலில், எல்லைக்கோட்டை ஐந்தில் போட்டதன் பொருள், பெரும்பாலான கிளீனர்களை வெளியே விடுவது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட சட்டம் ஒன்று ஓர் எண்ணால் செயலற்றுப் போனதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் அந்தப் பையன்கள் ஏன் ஏற்றார்கள்? வறுமை ஒரு காரணம். இன்னொன்று, ஏணி எங்கே போகிறது என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. கிளீனர் டிரைவர் ஆவான். டிரைவர் பழைய வண்டி ஒன்றுக்கு முன்பணம் சேர்ப்பார். பிறகு அவரே ஓனர். வங்கிகள் திரும்பியும் பாராத இந்த ஆட்களை நம்பி, பழைய லாரிக்குக் கடன் கொடுப்பதையே தன் முதன்மைத் தொழிலாக்கி வளர்ந்தது 1979இல் ஆர். தியாகராஜன் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். அந்த நிறுவனம் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததே, டிரைவர் ஓனராவது தனிப்பட்ட ஒருவரின் அதிர்ஷ்டக் கதையாக இல்லாமல் பரவலாக நடந்த ஒன்று என்பதற்கு ஆதாரம். கொடுத்த விலைக்குப் பலன் உண்டு என்று நம்ப இடமிருந்தது. அந்த நம்பிக்கைதான் ஒழுங்கற்ற, ஈரமற்ற இந்தப் பயிற்சி முறையை ஐம்பது அறுபது ஆண்டு தாங்கி நிறுத்தியது.

கிளீனர் முறையைப் புகழ்ந்து ஏங்குகிறவர்கள் உண்டு. அவர்களோடு என்னால் சேர முடியாது. அது பள்ளிக்கூடமாக இருந்த அளவுக்கு வேலியாகவும் இருந்தது. டிரைவர் தன் அக்கா மகனை ஏற்றினார், தன் ஊர்ப் பையனை ஏற்றினார், தன் சாதிப் பையனை ஏற்றினார். ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே கேபினில் தூங்கும் வாழ்க்கையில் சேர்த்துக்கொள்வது யாரை, தள்ளிவைப்பது யாரை என்பது ஊர் வழக்கப்படியே நடந்தது. பெண்ணுக்கு அந்த வண்டியில் இடமே இல்லை. கிளீனராக முடியாதவள் டிரைவராகவும் முடியாது. இந்த வேலியை உடைத்தது அரசு. 1971இல் கொண்டுவந்த சட்டத்தின்படி 50 பேருந்துகளும் அதற்கு மேலும் வைத்திருந்த தனியார் நிறுவனங்களைத் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று கழகங்கள் எழுந்தன. இந்த வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு, இடஒதுக்கீடு, மாதச் சம்பளம், ஓய்வுக்காலப் பலன் எல்லாம் வந்தன. ‘யாருடைய பையன்’ என்று கேட்காமல் ‘பதிவு எண் என்ன’ என்று கேட்கும் முதலாளி கிடைத்தார். கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநரானார். எந்த லாரி ஷெட்டும் அவருக்குத் திறந்திருக்காத காலத்தில், அரசுக் கழகத்தின் கதவைத்தான் அவரால் தட்ட முடிந்தது. அதுவும் எளிதில் திறக்கவில்லை.

ஆனாலும் அரசுக் கழகம்கூட அனுபவத்தின் விலையை முழுதாக ஏற்கவில்லை. 1976இல் கழகங்களுக்காகத் தொடங்கிய சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக ஓட்டுநர் பயிற்சி மையம் நடத்தி வருகிறது. அது மதிக்கத்தக்க முயற்சி. ஆட்களை எடுக்கும்போதோ, வெளியே எங்காவது ஓட்டிப் பழகி வந்தவர்களையே கழகங்கள் விரும்பின. அதாவது தனியார் லாரியும் தனியார் பேருந்தும் பையன்களின் இளமையைச் செலவழித்து உருவாக்கிய திறமையை அரசு ஆயத்தமாக எடுத்துக்கொண்டது. கிணறு வற்றாத வரை இதில் சிக்கல் தெரியவில்லை. கடந்த இருபது ஆண்டில் அந்தக் கிணறு வற்றியது, பெரும்பாலும் நல்ல காரணங்களால். மதிய உணவும், நடந்துபோகும் தூரத்தில் உயர்நிலைப் பள்ளியும், ஊருக்கு ஊர் பாலிடெக்னிக்கும் வந்த மாநிலத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் லாரி ஏறுவதில்லை. இதற்காக ஒருவரும் வருந்த வேண்டியதில்லை. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய செய்தி. கூடவே வண்டியும் மாறியது. ரேடியல் டயர், டியூப் இல்லாத சக்கரம், கன்டெய்னர் ஆகியவை கிளீனரின் வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின; சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு இறங்கி ஓட இரண்டாவது ஆள் தேவைப்படவில்லை. டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் ஏறி வாடகை ஏறாத ஆண்டுகளில், உரிமையாளர் முதலில் வெட்டியது கிளீனரின் பேட்டாவை.

கடைசி அடி ஒரு விதித் திருத்தத்தில் வந்தது. தேசிய பெர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கால் நீட்டித் தூங்க இருக்கை வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லியிருந்தன. நடைமுறையில் அந்த இரண்டாவது ஆள் பல வண்டிகளில் புதிதாக உரிமம் எடுத்த கிளீனர்தான். சட்டமே அறியாமல் நடத்திய ஒரே பயிற்சி இடம் அது: உரிமம் உண்டு, அனுபவம் இல்லை, பக்கத்தில் மூத்தவர் இருக்கிறார். 2018இல் அந்த விதி நீக்கப்பட்டது. செலவு குறையும் என்ற கணக்கு சரி. ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று அமைச்சகம் கவலைப்பட்டது அதற்கு மறுஆண்டு. இரண்டு முடிவுகளையும் ஒரே அமைச்சகம் ஏழெட்டு மாத இடைவெளியில் எடுத்ததைப் பார்க்கும்போது, ஓட்டுநர் எப்படி உருவாகிறார் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தட்டுப்பாட்டுக்குக் காரணம் பயிற்சி இல்லை, சம்பளமும் மரியாதையும்தான் என்பார்கள். கொதிக்கும் கேபின், ஒழுங்கான கழிப்பறை இல்லாத சாலை, வழிநெடுக மாமூல், விபத்து என்றால் யார் தவறென்று கேட்காமல் விழும் அடி. 2024 ஜனவரியில், விபத்து நடந்த இடத்திலிருந்து தப்பிச் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுவரை சிறை என்ற புதிய குற்றவியல் சட்டப் பிரிவை எதிர்த்து நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றன. அந்தப் பிரிவை மட்டும் அரசு இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் கட்டாயம் என்று 2023 இறுதியில் அறிவிக்க வேண்டியிருந்தது என்பதே, அதுவரை இருந்த நிலையைச் சொல்லும். இந்த மறுப்பில் உள்ள உண்மையை முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது ஓட்டுநர்கள் ஏன் வெளியேறுகிறார்கள் என்பதை விளக்குகிறது. உள்ளே வர விரும்புகிறவன் ஏன் வாசலில் நிற்கிறான் என்பதை விளக்கவில்லை. சம்பளம் உயர்ந்தால் வரிசை நீளும். வரிசையில் நிற்பவனிடம் ‘எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்’ என்று கேட்கும்வரை அந்த வரிசை நகராது. நம் நெடுஞ்சாலைகளில் இன்று பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் தமிழ்நாட்டு வண்டிகளை ஓட்டுகிறார்கள். அவர்களில் பலர் தங்கள் ஊரில் பழைய முறைப்படி, பழைய விலையைக் கொடுத்து வந்தவர்கள். நாம் நம் பிள்ளைகளிடம் வாங்க மறுத்த விலையை வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு மறுப்பு எந்திரத்தைப் பற்றியது. பவர் ஸ்டியரிங் வந்துவிட்டது, கியர் பெட்டி மென்மையாகிவிட்டது, ஐந்தாறு ஆண்டுப் பயிற்சி எதற்கு என்பது. ஓரளவு சரியே. கியர் மாற்ற ஓராண்டு பழகிய காலம் போனது. எடையும் இறக்கமும் தூக்கமும் மாறவில்லை. 40 டன்னுக்கு மேல் எடையோடு வரும் டிரெய்லர் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை ஸ்டியரிங்கின் மென்மை சொல்லித் தராது. 2021 முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் வந்திருக்கின்றன. கனரக வாகனத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பாடம். முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், முறையாக நடந்தால். அந்த 38 மணி நேரத்தை ஒரு நெடுந்தூர லாரி நான்கைந்து நாளில் ஓடி முடித்துவிடும். பயிற்சி மையம் கொடுப்பது தொடக்கம்; தொடக்கத்துக்கும் தனியே வண்டியை ஒப்படைக்கும் நாளுக்கும் இடையிலுள்ள மாதங்களைத்தான் கிளீனர் இருக்கை நிரப்பி வந்தது.

புதிய ஏணி ஒன்று தானாகவே வந்துவிட்டது என்றும் சிலர் வாதிடுவார்கள். 2005இல் டாடா ஏஸ் என்ற சிறு சரக்கு வண்டி வந்தபின் நம் தெருக்களெல்லாம் குட்டி யானை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வணிக வாகனத்தைச் சாதாரண இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதை, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்தது. காப்பீட்டு நிறுவனங்கள் எழுப்பிய வழக்குகளால் பிறந்த இந்தத் தீர்ப்பு, லட்சக்கணக்கான ஓட்டுநர்களின் பிழைப்பைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் குட்டி யானை ஓட்டிய ஐந்து ஆண்டைக் கனரக அனுபவமாக எந்த லாரி உரிமையாளரும் எண்ணுவதில்லை, அரசுக் கழகமும் எண்ணுவதில்லை. ஏணியின் முதல் படியும் மூன்றாம் படியும் இருக்கின்றன. நடுப்படி இல்லாததால் பெரும்பாலோர் முதல் படியிலேயே குடும்பம் நடத்துகிறார்கள். வளைகுடாவுக்குப் போய் டிரெய்லர் ஓட்ட நினைப்பவனும் இதே சுவரில் முட்டுகிறான். அங்கே பல நிறுவனங்கள் கேட்பது அந்நாட்டு உரிமமும் அங்கு ஓட்டிய அனுபவமும்.

இனி அந்த விலையை யார் கொடுப்பது? சிறு உரிமையாளரால் முடியாது என்பது நியாயமான பேச்சு. ஒரு லாரியின் மாதத் தவணையைக் கட்டிக்கொண்டிருப்பவரிடம், பழகுபவனுக்கும் சம்பளம் கொடு என்று சொல்வதில் பொருளில்லை. கற்றுக்கொண்டதும் அவன் வேறு வண்டிக்குப் போய்விடுவான் என்ற அவருடைய அச்சமும் பொய்யில்லை. ஒருவர் செலவில் பழகியவர் பலருக்கும் பயன்படுவார் என்றால், அந்தச் செலவு பொதுச் செலவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு வழியில்லாத மாநிலமல்ல தமிழ்நாடு. ஊர்தோறும் பணிமனை, மூத்த ஓட்டுநர்கள், கும்மிடிப்பூண்டியில் பயிற்சித் தளம் எல்லாம் கழகங்களிடமே இருக்கின்றன. 18 மாத அனுபவம் கேட்கும் அதே அறிவிக்கையில், கனரக உரிமம் மட்டும் உள்ளவர்களுக்கென ஒரு பங்கை ஒதுக்கி, உதவித்தொகையோடு கழகத்து வண்டிகளிலேயே மூத்தவர் பக்கத்தில் அந்த 18 மாதத்தைக் கழிக்க இடம் கொடுக்க முடியும். முடித்தவர்களில் பாதிப் பேர் தனியார் லாரிக்குப் போனாலும் இழப்பில்லை. 1972 முதல் தனியார் வண்டிகள் கழகங்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த ஆட்களுக்குத் திருப்பிச் செலுத்தும் கடன் என்று அதைக் கணக்கெழுதலாம். பெண்களும், டிரைவர்களைச் சொந்தபந்தமாகக் கொண்டிராத வீட்டுப் பிள்ளைகளும் இத்தொழிலுக்குள் வரும் வழியாகவும் அதுவே அமையும். ஏனென்றால் ‘பையன் ஓட்டுவான்’ என்று சொல்ல அவர்களுக்கு யாரும் இருந்ததில்லை.